வகைமைப் படங்களில் மரபும் புதுமையும்: வடசென்னைப் பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கங்களில் திரைப்படங்களைத் திரையிட்டு, படம் முடிந்தபின் உட்கார்ந்து பேசும் சிறு வட்டம் ஒன்றை நண்பர்களுடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். கல்லூரி மாணவர்கள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், உதவி இயக்குநராகச் சேர வழி தேடும் இளைஞர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். எந்தப் படத்தைப் போட்டாலும், பார்த்த கதையையே மறுபடியும் பார்த்தோமா, புதிதாக ஏதேனும் கண்டோமா என்ற விவாதத்தில்தான் பேச்சு வந்து நிற்கும். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் விளக்க முடியவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

கேள்வி: வகைமை என்றால் என்ன? எதை வைத்து ஒரு படத்தை இன்ன வகை என்று சொல்கிறோம்?

தலைவிரி கோலமாக ஒரு பெண்ணுருவம் முதுகைக் காட்டி நிற்கும் சுவரொட்டியைப் பார்த்தால், அது பேய்ப்படம் என்பது டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அரங்கில் விளக்கு அணையும்போது நாம் எதற்குப் பயப்படத் தயாராக இருக்கிறோம், எதைக் கேள்வி கேட்காமல் நம்புவோம், எப்படி முடிந்தால் ஏமாந்துபோவோம் என்பதெல்லாம் ஏற்கெனவே பாதி முடிவாகியிருக்கும். படைப்பாளிக்கும் பார்வையாளருக்கும் இடையே எழுதப்படாமல் நிலவும் இந்த உடன்பாட்டைத்தான் வகைமை என்கிறோம். திரையுலகில் ஜானர் என்பார்கள்.

அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 1984-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை இரண்டு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் பொருள்களும் ஆட்களும் இடங்களும் ஓர் அடுக்கு. அவை ஒன்றோடொன்று கோக்கப்படும் முறை மற்றோர் அடுக்கு. ரவுடிப் படத்தை எடுத்துக்கொண்டால் அரிவாள், சிறைச்சாலை, வெள்ளை வேட்டி அரசியல்வாதி ஆகியவை முதல் அடுக்கைச் சேர்ந்தவை. ஏழைச் சிறுவன் ஒருவன் ஒரு தலைவரிடம் அடைக்கலம் புகுந்து, வளர்ந்து, வளர்த்தவரையே எதிர்த்து, கடைசியில் கூட இருந்தவனாலேயே வீழ்வது இரண்டாம் அடுக்கு. இந்தப் பிரிவினை மிகவும் பயனுள்ளது என்பது என் கருத்து. ஏனெனில், புதுமை என்று விளம்பரம் செய்யப்படுவதில் பெரும்பகுதி முதல் அடுக்கை மட்டுமே தொடுகிறது: அரிவாளுக்குப் பதில் துப்பாக்கி வரும், மதுரைக்குப் பதில் காசிமேடு வரும், கோத்த விதம் அப்படியே இருக்கும். இடைவேளையிலேயே நமக்கு முடிவு தெரிந்துவிடுவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: "வடசென்னைப் படம்" என்பதே ஒரு வகைமையா?

இடம் தானாக வகைமை ஆவதில்லை. ஓர் இடத்தைக் காட்டும்போதெல்லாம் ஒரே விதமான கதையை நாம் எதிர்பார்க்கத் தொடங்கும்போது ஆகிவிடுகிறது. மதுரைக்கு இது முன்பே நடந்தது. 2004-இல் காதல், 2007-இல் பருத்திவீரன், 2008-இல் சுப்பிரமணியபுரம், 2011-இல் ஆடுகளம் என்று வரிசையாக வந்தபின், மதுரையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் திரையில் கண்டாலே இரத்தம் சிந்தும் என்று பார்வையாளர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள்.

வடசென்னைக்கும் அவ்வாறே ஒரு வரிசை உண்டு. ஆரண்ய காண்டம் (2011), மெட்ராஸ் (2014), விக்ரம் வேதா (2017), வட சென்னை (2018), சார்பட்டா பரம்பரை (2021) ஆகியவற்றை அதன் தூண்களாகச் சொல்லலாம். 2006-இல் வந்த புதுப்பேட்டை இந்தப் படங்களுக்கு மிகவும் வழிகாட்டிய ஒன்று, ஆனால் அந்த ஊர் மத்திய சென்னையில் இருக்கிறது. நம் பகுதி மக்கள் இதைத் திருத்தாமல் விடமாட்டார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன். இந்தப் படங்களிலிருந்து ஹவுசிங் போர்டு மாடிப்படிகள், துறைமுகத்தின் கிரேன்கள், கேரம் பலகை, கானா, நண்பனின் கொலை, அதற்கான பழிவாங்கல் என்று ஒரு பொதுப் பட்டியல் உருவாகிவிட்டது. இந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படம் எடுப்பவர்களைத்தான் நாம் அஞ்ச வேண்டும். பட்டியலை உருவாக்கிய படங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்டவை.

கேள்வி: மரபை முழுவதும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒரு படம் எடுக்க முடியாதா?

எடுக்கலாம். ஆனால் பிடித்துக்கொள்ள, ஏற்கெனவே தெரிந்தது எதுவுமே இல்லாத படத்தில், புதியது எது என்பதே பார்ப்பவருக்குப் பிடிபடாது. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று திரையிடப்பட்டது, பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் பெற்ற, ஜார்ஜ் டவுன் பகுதியின் கினிமா சென்ட்ரல் அரங்கில்தான். திரையில் உருவம் பேசுவது அன்றைக்கு எவ்வளவு பெரிய புதுமை என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் புதுமையைச் சுற்றி இருந்தவை அனைத்தும் மக்களுக்கு மேடை நாடகத்தில் பழகியவை: தெரிந்த பழங்கதை, நாடகத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற டி. பி. ராஜலட்சுமி, கதைக்குத் தொடர்பே இல்லாத தேசபக்திப் பாடல்களும் தியாகராசர் கீர்த்தனைகளும். டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர் தெலுங்கில் பதில் சொன்னார்; மக்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். பழக்கம் கொடுத்த துணிவில்தான் புதியதை நோக்கி அடி எடுத்து வைத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் மரபை மீறுவது தவறா?

தவறில்லை, எந்த மரபை மீறுகிறோம், எதை இறுகப் பிடித்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954-இல் வெளிவந்த அந்த நாள், பாடலே இல்லாத முதல் தமிழ்ப்படம் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் திரையிடலில் அதைப் பார்க்கும் இளைஞர்களை அதைவிட வேறொன்று அதிகம் வியக்க வைக்கிறது. 1943-இல் சென்னை மீது சப்பானிய விமானம் குண்டு வீசியதை ஒட்டி நடக்கும் அந்தக் கதையில், நாயகனான சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். அவர் எதிரிக்கு உளவு சொன்ன துரோகி என்பதும், சுட்டவர் அவருடைய மனைவி என்பதும் இறுதியில் தெரிகின்றன. பாடல் இல்லை, நல்ல நாயகன் இல்லை, கணவனைத் தெய்வமாகப் போற்றும் மனைவியும் இல்லை. தமிழ்ப்படத்தின் தூண்கள் என்று கருதப்பட்ட மூன்றையும் ஒரே படத்தில் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் துப்பறியும் கதையின் விதிகள் ஒன்றுகூட மீறப்படவில்லை. ஒரு பிணம், சந்தேகத்துக்குரிய சிலர், ஒவ்வொருவரிடமும் விசாரணை, ஒவ்வொருவரும் சொல்லும் ஒவ்வொரு கதை என்று படம் கட்டுக்கோப்பாக நகர்கிறது. யார் கொன்றார்கள் என்ற கேள்வி நம் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதால், பாடல் இல்லாத குறை உறைப்பதில்லை. ஒரு கையால் விட்டதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார் இயக்குநர்.

தியாகராஜன் குமாரராஜா இயக்கிய ஆரண்ய காண்டமும் இவ்வாறுதான். வடசென்னை ரவுடிக் கூட்டங்கள், கைமாறும் போதைச் சரக்கு, வயதாகிப்போன தலைவர் என்று ரவுடிப் படத்தின் அத்தனை பொருள்களும் அதில் உண்டு. அத்தனை ஆண்களும் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருக்க, யாருடைய கணக்கிலும் வராத சுப்பு என்ற பெண் பணத்தோடு வெளியேறுகிறாள். பொருள்கள் அவையேதான், கோக்கும் முறை மாறிவிட்டது. அந்தப் படம் இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றும் அரங்கில் ஓடவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தரும் செய்தி.

கேள்வி: விளையாட்டுப் படத்தில் கடைசியில் நாயகன் ஜெயிப்பான் என்று தெரிந்தும் சார்பட்டா பரம்பரை ஏன் அவ்வளவு பிடித்தது?

எங்கள் வட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. பரம்பரைகள் எனப்படும் குத்துச்சண்டைக் குழுக்கள் வடசென்னையின் உண்மையான வரலாறு; 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் மோதினார் என்பதைப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். எனவே ஊர்ப்பற்றும் ஒரு காரணம். ஆனால் ஊர்ப்பற்று மட்டும் ஒரு படத்தைத் தாங்காது.

குத்துச்சண்டைப் படத்தின் மரபு உலகம் முழுவதும் ஒன்றுதான்: எளிய பின்புலத்து இளைஞன், கண்டிப்பான வாத்தியார், இடையில் ஒரு வீழ்ச்சி, மீண்டும் பயிற்சி, இறுதி வெற்றி. பா. ரஞ்சித் இதில் எதையும் கைவிடவில்லை. துறைமுகத்தில் வேலை செய்யும் கபிலன், ரங்கன் வாத்தியார், எதிராளி வேம்புலியுடனான முதல் மோதல், குடியில் விழுவது, கடற்கரையில் பீடி இராயப்பனிடம் மறுபடியும் கற்றுக்கொள்வது, வெற்றி என எல்லாம் வரிசைப்படி வருகின்றன.

டான்சிங் ரோஸ் என்ற வீரன் வரும் மோதலைக் கூர்ந்து பாருங்கள். இறுதி எதிரிக்கு முன்னால் நாயகன் ஓர் இடைநிலை எதிரியைக் கடந்தாக வேண்டும் என்பது இந்த வகைமையின் விதி. வழக்கமாக அங்கே மலை போன்ற உடம்புடன் ஒரு முரடனை நிறுத்துவார்கள். இங்கே வந்து நிற்பவன் ஒல்லியானவன். கைகளைத் தாழ்த்திக்கொண்டு, கால்களை ஆட்டத்துக்கு வைப்பது போல மாற்றி மாற்றி வைத்து, அடி வரும் இடத்தில் இல்லாமல் நழுவுகிறான். அவன் முகத்தில் பகை இல்லை. தன் கலையில் திளைக்கும் ஒருவனின் மகிழ்ச்சிதான் இருக்கிறது. கபிலனின் வலிமை அவனிடம் செல்லாது. அவனுடைய தாளத்தைப் படித்தால்தான் அடிக்க முடியும். ஆகவே கபிலன் பலசாலி மட்டும் அல்லன், பார்த்துக் கற்பவன் என்பதை அந்தச் சில நிமிடங்கள் ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகின்றன. விதி கேட்ட இடத்தில் விதி கேட்டதையே வைத்தார்கள், ஆனால் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள்.

வீழ்ச்சியையும் அவ்வாறே மாற்றியிருக்கிறார்கள். பொதுவாக நாயகன் தன் கர்வத்தால் தோற்பான். இதில் வெற்றியின் விளிம்பில் இருக்கும்போது, 1976 சனவரியில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி மேடைக்கே வந்துவிடுகிறது. தி.மு.க.காரரான வாத்தியார் கைது செய்யப்படுகிறார், கலவரம் வெடிக்கிறது, கபிலன் அவமானப்படுத்தப்படுகிறான். கர்வத்துக்குரிய இடத்தில் வரலாறு வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இறுதி வெற்றி முன்பே தெரிந்திருந்தும் நமக்கு அது தேவைப்படுகிறது.

கேள்வி: இரண்டு வகைமைகளைக் கலந்தால் புதுமை வந்துவிடுமா?

கலப்பதற்குக் காரணம் இருந்தால் வரும். மெட்ராஸ் படத்தில் ஒரு சுவர் இருக்கிறது; அதில் வரையப்பட்ட அரசியல் தலைவரின் உருவத்துக்காக இரண்டு தரப்பு மோதுகின்றன. கதை என்னவோ அரசியல் கொலைக் கதை. ஆனால் அந்தச் சுவரைப் பேய்ப்படத்தின் வீட்டைக் காட்டுவது போலக் காட்டுகிறார்கள்: அது ஆட்களைக் காவு வாங்கும் என்று குடியிருப்பில் நம்பிக்கை நிலவுகிறது, கேமரா அதன் மேலிருந்து கீழே பார்க்கிறது, இசை நம்மை எச்சரிக்கிறது. அதிகாரம் என்பது குடியிருப்பின் நடுவிலேயே நின்றுகொண்டு உயிர் கேட்கிறது என்பதைச் சொல்ல இதைவிடச் சிறந்த வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விக்ரம் வேதாவில் புஷ்கர், காயத்ரி இணையர் நம் விக்கிரமாதித்தன் வேதாளம் கதையையே போலீஸ் படத்துக்குள் வைத்தார்கள். தேடப்படும் ரவுடி தானாகவே காவல் நிலையத்துக்குள் நடந்து வருகிறான், கதை சொல்கிறான், கேள்வி கேட்கிறான், போய்விடுகிறான். துரத்திப் பிடிக்கும் படமாக இருக்க வேண்டியது எது சரி, எது தவறு என்று விசாரிக்கும் படமாக மாறிவிடுகிறது. 2021-இல் வந்த மாநாடு, ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கும் மேல்நாட்டு வகைமையை நம் அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. வில்லனையும் அந்தச் சுழலுக்குள் இழுத்துவிட்டதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

கேள்வி: ஒரு மரபு எப்போது தேய்வழக்கு (கிளிஷே) ஆகிறது?

காரணம் போய் வடிவம் மட்டும் மிஞ்சும்போது. 1995-இல் பாட்ஷாவில், அடி வாங்கியும் கை ஓங்காத ஆட்டோ ஓட்டுநர் தன் தங்கைக்காகத் திருப்பி அடிக்கும்போது அரங்கம் அதிர்ந்ததற்குக் காரணம், அதுவரை அவர் எதையோ அடக்கிக்கொண்டிருப்பதை நாம் பார்த்துக்கொண்டே இருந்ததுதான். பின்னர் வந்த எத்தனையோ படங்கள் அடக்கத்தைக் காட்டப் பொறுமையில்லாமல் அடியை மட்டும் எடுத்துக்கொண்டன. பேய் நகைச்சுவைப் படங்களிலும் இதுவே நேர்ந்தது. முனி (2007), காஞ்சனா (2011) இரண்டிலும் பேய்க்கு ஓர் அநீதியின் வரலாறு இருந்தது. அதன்பின் வந்தவற்றில் பலவற்றுக்கு அந்த வரலாறு ஒரு சடங்காகிவிட்டது. 2014-இல் மிஷ்கின் தன் பிசாசு படத்தில் பேயை நாயகனுக்குக் காவலாக நிறுத்தியபோதுதான் அந்த வகைமை மறுபடியும் மூச்சு விட்டது.

கேள்வி: பாடல்கள் கதையை நிறுத்துகின்றனவே?

கதைக்குள் அவற்றுக்கு இடம் இல்லாதபோது நிறுத்துகின்றன. மெட்ராஸ் படத்தில் நண்பன் கொல்லப்பட்டபின் கானா பாலாவின் குரலில் மரண கானா வருகிறது. சாவு வீட்டில் இரவெல்லாம் கானா பாடுவது நம் பகுதியின் வழக்கம். படம் பாட வேண்டிய இடமும் மக்கள் உண்மையில் பாடும் இடமும் அங்கே ஒன்றாகிவிடுவதால், கைபேசியை எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கேள்வி: மெட்ராஸ் பாஷை பேசினால் சிரிக்க வேண்டும் என்று ஏன் ஒரு வழக்கம் இருந்தது?

சந்திரபாபு, லூஸ் மோகன் போன்ற மிகத் திறமையான நடிகர்கள் அதை நகைச்சுவையில் நிலைநாட்டினார்கள். ஆனால் அந்தப் பேச்சு காதலுக்கும் துக்கத்துக்கும் தகுதியற்றது என்ற எண்ணமும் கூடவே நிலைத்துவிட்டது. அண்மைக் காலப் படங்கள் நாயகனுக்கும் நாயகியின் தாய்க்கும் வாத்தியாருக்கும் அதைக் கொடுத்தது, என்னைப் பொறுத்தவரை, எந்தக் கதைத் திருப்பத்தையும்விடப் பெரிய புதுமை.

கேள்வி: தயாரிப்பாளர்கள் ஏன் புதியதைக் கண்டு தயங்குகிறார்கள்?

படம் முடிவதற்கு முன்பே அதை விற்றாக வேண்டிய நிலை இருப்பதால். வாங்குபவரிடம் ஒரு வரியில் சொல்லக்கூடியது ஏற்கெனவே ஓடிய படத்தின் சாயல் மட்டுமே. ஒற்றைத் திரை அரங்குகள் குறைந்துகொண்டே வருவதும் (தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது) இந்தத் தயக்கத்தைக் கூட்டுகிறது. சார்பட்டா நேரடியாக ஓடிடியில் வெளியானது போன்ற வழிகள் திறந்திருந்தாலும், அங்கேயும் இப்போது வகைமையின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கதை கேட்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

கேள்வி: வடசென்னையை எப்போதும் ரவுடிகளின் ஊராகவே காட்டுவது சரியா? அது வெறும் வகைமை மரபுதானே என்கிறார்களே?

வெறும் மரபு என்று இதைக் கடந்துபோக என்னால் முடியாது. பேய்ப்படத்தில் பங்களா தேய்வழக்கானால் பங்களாவுக்கு நட்டமில்லை. ஆனால் ஒரு மக்கள் வாழும் இடம் தேய்வழக்கானால், அந்த முகவரியைச் சொல்லி வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அதன் விலையைக் கொடுக்கிறார்கள். வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் எதிராளியின் முகம் மாறுவதை எங்கள் வட்டத்தில் அநேகமாக எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

வெற்றிமாறனின் வட சென்னையை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். அதில் வன்முறைக்குக் காரணம் காட்டப்படுகிறது: வளர்ச்சித் திட்டத்தின் பேரால் மீனவர்களின் இடம் பறிபோகவிருக்கிறது, எதிர்த்து நின்ற ராஜன் கூட இருந்தவர்களாலேயே கொல்லப்படுகிறான், அந்தக் கொலையின் நிழல் ஆண்டுக்கணக்கில் எல்லோர் மேலும் விழுகிறது. கேரம் ஆட வேண்டிய அன்பு விரும்பாமலே உள்ளே இழுக்கப்படுகிறான். சிறைக்குள் நடக்கும் கேரம் போட்டியே கத்திக்குத்தில் முடிவது, அவன் இழந்ததை ஒரே காட்சியில் சொல்கிறது. பின்பற்றியவர்கள் நிலத்தை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார்கள், குறை அவர்களுடையது.

கேரம் என்றவுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றவர் வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா. திரையில் கேரம் பலகை வந்தாலே அடுத்து அரிவாள் வரும் என்று எதிர்பார்க்கப் பழகிய நமக்கு, அதே பலகையிலிருந்து உலக வெற்றியும் வரும் என்பது நம் தெருவிலேயே நிகழ்ந்து காட்டப்பட்டிருக்கிறது.

கேள்வி: இங்கே இன்னும் எடுக்கப்படாத வகைமைகள் எவை?

ஏராளம். 1918-இல் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் மிகப் பழைய தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921-இல் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்னாடிக்) பஞ்சாலையில் நடந்த வேலைநிறுத்தம், தொழிலாளர்களே சாதியால் பிளக்கப்பட்டுப் புளியந்தோப்பில் கலவரமாக முடிந்தது. அதில் யாரை நாயகன் என்பது என்ற கேள்வியே வழக்கமான போராட்டப் படத்தின் கோக்கும் முறையைக் கலைத்துப்போடும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ஊரே கடலுக்கு அஞ்சிக்கொண்டிருந்த அந்த நாள்களில் ஒரு காதல் கதை நடக்கட்டும். 2017 சனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் மறுபடியும் எண்ணெய் படர்ந்தது. எதை யார் திறந்துவிட்டார்கள் என்று ஒரு மீனவப் பெண் விடாமல் விசாரித்துப் போவது, துப்பறியும் படத்தின் எல்லா விதிகளுக்கும் அப்படியே பொருந்தும். நகைச்சுவையும் வேண்டும். ஹவுசிங் போர்டில் தண்ணீர் லாரி வரும் காலைப்பொழுதை வைத்தே ஒரு முழுநீளப் படம் எடுக்கலாம்.

கேள்வி: முதல் திரைக்கதையை எழுதப்போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் எழுத நினைக்கும் வகைமையில் உங்களுக்கு மிகவும் பிடித்த மூன்று படங்களைக் காட்சி காட்சியாகத் தாளில் எழுதுங்கள். மூன்றிலும் பொதுவாக வரும் காட்சிகளுக்கு எதிரே, அந்தக் காட்சி அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்: அறிமுகமா, எச்சரிக்கையா, இழப்பா, ஆறுதலா. பிறகு காட்சிகளை அடித்துவிட்டு, அந்த வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலையையும் உங்களுக்கு நேரில் தெரிந்த ஓர் ஆளையோ இடத்தையோ கொண்டு செய்யப் பாருங்கள். எந்த வேலைக்கு உங்களிடம் சொந்தமாக எதுவும் இல்லையோ, அங்கேதான் நீங்கள் பார்த்த படத்திலிருந்து எடுத்துப் போடத் தோன்றும். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மீன்பிடித் துறைமுகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ உங்கள் பாட்டியிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். எழுதி முடித்தபின் எங்கள் திரையிடலுக்குக் கொண்டுவந்தால், எல்லோரும் சேர்ந்து உரக்கப் படித்துப் பார்ப்போம்.